வண்டியை அந்த வண்டியாக்குவது எது?

சொகுசு ஆஃப்ரோடு வண்டிகளில் டீசல் என்ஜின் இருந்த இடத்துக்கு பேட்டரி வருவதா, ஹைட்ரஜன் வருவதா என்று வாகனப் பிரியர்கள் நடத்தும் வழக்கில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எது நன்றாக ஓடும் என்பது ஒன்று. ஓட்டி, அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும். என்ஜினை எடுத்த பிறகும் அது அதே வண்டிதானா என்பது மற்றொன்று. சூட்டைக் கிளப்புவது இந்த இரண்டாவதுதான்.

இந்தியத் தத்துவம் இதைப் பழங்காலத்திலேயே விசாரித்திருக்கிறது, அதுவும் ஒரு வாகனத்தை முன்வைத்தே. மிலிந்த பன்ஹா என்னும் பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர், கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் அவன் ஏறி வந்த தேரைப் பற்றிக் கேட்கிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவுமில்லை என்கிறான் மன்னன். உறுப்புகள் கூடியிருக்கும் நிலைக்கு வழங்கும் பெயர்தான் தேர், அதற்கு அப்பால் தேரின் ஆன்மா என்று ஒன்று ஒளிந்திருக்கவில்லை என்ற இடத்தில் உரையாடல் வந்து நிற்கிறது. நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் உறையும் முழுமை தனிப்பொருள் என்றார்கள். ஆனால் அவர்கள் கணக்குப்படி ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுமை அழிந்து வேறொன்று பிறந்துவிடும். அரிஸ்டாட்டிலோ பொருளை அதன் செயலைக் கொண்டு அறிந்தார்: பிளப்பதில்தான் கோடாரி கோடாரியாக இருக்கிறது.

மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் இந்த மூன்று தரப்பையும் உரசிப் பார்க்கலாம். 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தயாராகும் இந்தப் பெட்டி வடிவ வண்டியின் பெருமை அதன் மூன்று டிஃபரன்ஷியல் லாக்குகள். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும்போது பொத்தானை அழுத்தினால், உள்ளே பற்கள் பூட்டிக்கொண்டு, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசை போகும். 2024இல் வந்த மின்சார ஜி 580இல் அந்தப் பூட்டே கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள். எதற்கு எவ்வளவு விசை என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. லேடர் ஃபிரேம் அப்படியே இருக்க, அதற்குள் 116 கிலோவாட் மணி பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் ஜி 70 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்றால், மின்சார ஜி 85 சென்டிமீட்டரில் இறங்குகிறது. நின்ற இடத்திலேயே வட்டமடிக்கவும் செய்கிறது. செயலைக் கொண்டு அறிவதானால் இது பழையதைவிடக் கூடுதலாகவே ஜி-கிளாஸ். மூன்று டன்னைத் தாண்டும் எடை மட்டும் இடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு ஒலிபெருக்கி வழியாகச் செயற்கை உறுமலையும் கொடுத்திருக்கிறார்கள். விற்பவர்களுக்கே தங்கள் வண்டியின் அடையாளத்தில் முழு நம்பிக்கை இல்லை போலும்.

பேட்டரியை ஏற்காதவர்கள் பலர் ஹைட்ரஜன் பக்கம் சாய்கிறார்கள். லேண்ட் ரோவர் 2021இல் ஹைட்ரஜன் டிஃபெண்டர் முன்மாதிரி ஒன்றை அறிவித்தது. இனியோஸ் நிறுவனம் 2023இல் ஹைட்ரஜன் கிரெனடியரை இங்கிலாந்தின் குட்வுட் விழாவில் காட்டியது (ஹைட்ரஜன் அந்த நிறுவனமே தயாரிக்கும் சரக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்). ஆனால் இவ்விரண்டிலும் ஹைட்ரஜன் எரிவதில்லை. எரிபொருள் கலத்தில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது அதே மின் மோட்டார்தான். அதாவது இவையும் மின்சார வண்டிகளே. என்ஜின் போனால் வண்டியின் உயிர் போயிற்று என்பவர், இங்கே போன உயிர் திரும்பி வந்ததாகச் சொல்ல வழியில்லை. அவருக்குத் திரும்பக் கிடைப்பது பழக்கம்: பங்க்கில் நிறுத்தி, சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்புவது.

அந்தப் பழக்கத்துக்குள் சுதந்திரம் என்ற பெரிய விழுமியம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். பாலைவனத்தில் டீசல் கேன் தரும் தைரியத்தை சார்ஜர் தராது என்பது உண்மையே. ஆனால் ஹைட்ரஜனும் அதைத் தராது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்5 ஹைட்ரஜன் சோதனைக் கார், 6 கிலோ வாயுவை 700 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்து 504 கிலோமீட்டர் போகிறது. அந்த அழுத்தத்தில் நிரப்பத் தனி நிலையம் வேண்டும். கேனில் கொண்டுபோக முடியாது. அப்படிப்பட்ட நிலையங்களும் பெருகவில்லை. கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் 2024இல் மூடியது. பேட்டரியைப் பண்ணை வீட்டு பிளக்கிலோ சோலார் தகட்டிலோ, மெதுவாகவேனும், ஏற்றிவிடலாம். காட்டுக்குள் யாரையும் சாராமல் இருப்பதே சுதந்திரம் என்றால் இந்த இடத்தில் பேட்டரியே முந்துகிறது.

தூய்மை பற்றிய அறவாதமும் இதே போக்கில் போகிறது. உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தாலும், 100 அலகு மின்சாரத்தில் சக்கரத்தைச் சேர்வது ஏறத்தாழ 30. பேட்டரி வழியாகப் போனால் 70க்கு மேல்.

கொள்கை மாறாமல் ஹைட்ரஜனைக் கேட்கக்கூடியவர் ஒருவர் உண்டு: அதை என்ஜினிலேயே எரிக்க வேண்டும் என்பவர். லெக்ஸஸ் 2021இல் காட்டிய ஆர்ஓவி என்னும் சிறிய ஆஃப்ரோடு வண்டியில் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் என்ஜின் இருந்தது. பிஸ்டன் உண்டு, அதிர்வு உண்டு, நிஜமான சத்தமும் உண்டு. வைசேடிகரின் கண்டிப்பான கணக்குக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அது காட்சி வண்டியாகவே நின்றுவிட்டது. பிஎம்டபிள்யூ 2028இல் விற்பனைக்குக் கொண்டுவருவதாக அறிவித்துள்ள ஹைட்ரஜன் காரும் எரிபொருள் கலத்தில், மின் மோட்டாரில்தான் ஓடப்போகிறது.