தேர்வு என்ற சொல்

'இயற்கைத் தேர்வு' என்ற சொற்சேர்க்கையில் எனக்கு வெகுகாலமாக ஒரு சங்கடம். தேர்வு என்றால் தேர்பவன் ஒருவன் வேண்டும். டார்வினுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 1859இல் புத்தகம் வந்த மறுவருஷமே லயலுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாகத் தொடங்குவதானால் 'இயற்கைக் காப்பு' என்று பெயரிட்டிருப்பேன் என்ற பொருள்பட எழுதுகிறார். ஆனால் 1869இல் ஐந்தாம் பதிப்பில் ஸ்பென்சரின் 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். பொதுப் பேச்சில் காப்பு மறைந்தது, தகுதி நின்றுவிட்டது.

என் சங்கடம் புத்தகத்தில் பிறந்ததல்ல. 1974இல் கோபாலபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அண்ணனுக்கு க்ஷயம். வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி, கூடவே ஐ.என்.ஹெச். மாத்திரை. அவர் வீட்டிலேயே இருக்க முடிந்ததற்கும் இந்த ஊர்தான் காரணம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் ஸானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியிருந்தது.

மூன்றாம் மாதம் இருமல் நின்றது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிக்கலாம். ஊசிக்கு நிற்கும் வரிசையை ஒளிக்க முடியாது. "ஊசி வேண்டாம் அண்ணா, மாத்திரை போதுமே" என்று சொன்னவன் நான். அவர் மறுக்கவில்லை.

மார்பில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நோய் முற்றிய நுரையீரலின் ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, தற்செயலாக ஐ.என்.ஹெச்.சுக்கு அடங்காததாக இருக்கும். மருந்து அதற்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. பாக்டீரியாக்களின் எதிர்ப்பு இப்படி முன்கூட்டியே தோன்றுவதை லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943இல் நிறுவினார்கள். ஸ்ட்ரெப்டோமைஸினுக்கும் இதே போன்ற கணக்குத்தான். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி லட்சம் கோடியில் ஒன்று. ஆகவே அது அநேகமாக இருக்கவே இருக்காது. இரண்டு மருந்து தருவதன் தர்க்கம் இவ்வளவுதான். ஒன்றை நிறுத்தியபோது நாங்கள் சில நூறு கிருமிகளுக்கு ஒரு காலி நுரையீரலை ஏற்பாடு செய்து கொடுத்தோம். மற்றவை செத்த இடத்தில் அவை பெருகின.

1977இல் அண்ணன் இறந்தார். துக்கத்துக்கு வந்த நண்பர் ஒருவர், படித்தவர், "இயற்கை அப்படித்தான், வலுவில்லாததைக் கழித்துவிடும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வாக்கியம் எனக்கு அன்று வேண்டியிருந்தது. தேர்ந்தது இயற்கை என்றால், தெருவுக்குப் பயந்த என் பெயர் கணக்கிலிருந்து போய்விடுகிறதல்லவா?

ஆனால் அந்தக் கிருமிகள் வலுவானவையும் அல்ல. ஐ.என்.ஹெச்.சுக்கு அடங்காதவற்றில் பல, கினிப்பன்றிச் சோதனைகளில் மற்றவற்றைவிட நலிந்தவையாகவே காணப்பட்டன. ஒரு குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்தில் எஞ்சின என்பதற்கு மேல் அவற்றின் 'தகுதி'க்கு அர்த்தம் கிடையாது. சூழல் மாறினால் தகுதியும் மாறும். உயிரினங்கள் யுகக்கணக்கில் உருமாறி வந்ததும் இப்படித்தான். எந்தக் கட்டத்திலும் யாரும் பரிசு வழங்கவில்லை. உயிரியலில் இயற்கைக்குப் பொறுப்பு கிடையாது. ஆனால் சூழலை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு உண்டு. எது எஞ்சியது என்பதைச் சொல்லும் வாக்கியத்தை, எது எஞ்சத் தகும் என்பதற்குச் சான்றாக்குவது அறிவுப் பிழை மட்டுமல்ல, ஒழுக்கப் பிழையும்கூட. அதனால் யாரோ ஒருவர் விடுதலையாகிவிடுகிறார்.

நம் வட்டத்திலும் இந்த வாக்கியம் புழங்குகிறது. 'நல்ல கவிதையைக் காலம் தேர்ந்துகொள்ளும்' என்கிறோம். காலம் எதையும் படிப்பதில்லை. ஓலைச்சுவடிகளில் எஞ்சியவை, யாரோ உட்கார்ந்து மறுபடி பிரதி எடுத்தவை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, பெயர் தெரியாத பல பேர் அதற்கு முன் எழுத்தாணி பிடித்ததால்தான். பிரதி எடுக்கப்படாதவற்றைச் செல் அரித்தது. அவை மட்டமானவை என்று சொல்ல நம்மிடம் ஒரு சான்றும் இல்லை.

நமக்குப் பிடித்திருந்தும் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். யாருக்காகவோ பயந்து வரிசையில் நிற்காமலிருப்பது இங்கேயும் நடக்கிறது. அக்காவின் கல்யாணம் நடந்தது. அவளுக்கு ஊசி விஷயம் தெரியாது. இதை அவள் படிக்கவும் மாட்டாள்.