நாலாவது பரோட்டா

1991, ஆடி மாதம். எனக்குப் பத்து வயது. குற்றாலத்தில் நல்ல சீசன். வழக்கமாகத் தென்காசியில் ஆச்சி வீட்டில் தங்கி அருவிக்குப் போய்வரும் எங்கள் குடும்பம், அந்த வருஷம் குற்றாலத்திலேயே மூன்று நாளைக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தது. பகலில் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். ராத்திரி பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டாவும் கோழியும் பார்சல் வரும். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற பிள்ளைகளின் பசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்டர் பரோட்டா சின்னது. பெரியப்பா மகன் ஒன்பது தின்றான். பெரியவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள், ஒன்பதுக்குக் கைதட்டினார்கள். நான் நாலாவதை எடுத்தேன்.

"ஏட்டி, நாலாவதா?" என்றார் பெரிய அத்தை.

அவ்வளவுதான். அதிலிருந்து ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். வெயிலே இல்லாத சாரல்லயும் இப்படிக் கறுத்துப் போயிருக்காளே என்று ஒருவர். கணக்குல எத்தனை மார்க்கு என்று ஒருவர். ஏன் வாயத் திறக்க மாட்டேங்கா, உள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கா என்று ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தலையைத் தூக்காமல் தம்பிக்குக் கோழியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் அந்தப் பரோட்டா இருந்தது. திரும்ப வைத்தால் கோபித்துக்கொண்டதாக ஆகும். தின்றால் வெட்கம் கெட்டவள். வயிறு வலிக்கிறது என்று சொல்லி எழுந்தேன். நிஜமாகவே வலித்தது.

என்னைத் தொட்டாற்சுருங்கி என்று சொன்னார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இப்போது எனக்கு அந்த வயிற்றுவலி மேல் மரியாதை வந்திருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

"உன் நல்லதுக்குத்தான சொல்லுதோம்" என்பார்கள். இருக்கட்டும். நல்லதுக்குச் சொல்கிறவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொல்லிவிட்டு, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கலாம். பன்னிரண்டு பேர் முன்னால், வாயில் சோறு இருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்குப் பதில் தேவைப்படுவதில்லை. பேசாமல் இருந்தால் கர்வம், பேசினால் வாய் நீளம், அழுதால் நடிப்பு, எழுந்து போனால் திமிர். எந்தப் பதில் சொன்னாலும் குற்றமாகிவிடும் பேச்சுக்குக் கண்டிப்பு என்று எப்படிப் பெயர் வைப்பது? கண்டிப்புக்கு ஒரு நியாயம் உண்டு. செய்த தவறு என்ன என்று அது சொல்லியாக வேண்டும். நாலு பரோட்டா தின்பதும் கறுப்பாக இருப்பதும் என்ன தவறு?

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு வசந்தவல்லியைவிடச் சிங்கியைத்தான் பிடித்தது. ஊரெல்லாம் தேடி அவளைக் கண்டுபிடித்த சிங்கன், காலில் என்ன, கையில் என்ன என்று அவள் உடம்பில் கிடக்கும் ஒவ்வொரு நகையையும் சந்தேகத்தோடு கேட்கிறான். இது இன்ன நாட்டில் குறி சொல்லி வாங்கியது, அது இன்னாரிடம் பெற்றது என்று அவள் அசராமல் பதில் சொல்லிக்கொண்டே போகிறாள். பதில் சொல்ல அவளால் முடிகிறது, ஏனென்றால் அத்தனையும் அவள் சம்பாதித்தது. பத்து வயதுப் பிள்ளை எதைச் சம்பாதித்திருக்கும்? அதன் நிறம், பசி, கூச்சம் எல்லாம் அதற்குக் கொடுக்கப்பட்டவை.

ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியிட்ட ஒரு நூலில் அறிவு சார்ந்த அநீதி என்று ஒன்றைப் பற்றி எழுதினார். சொல்கிற ஆள் யார் என்பதை வைத்து, முன்முடிவோடு, அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது அதில் ஒரு வகை. பெண் சொன்னால், ஏழை சொன்னால் நடக்கும் அது குழந்தை சொன்னாலும் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "எனக்கு வலிக்கிறது" என்றால் "விளையாட்டுக்குத்தான சொன்னோம்" என்பார்கள். வலித்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அடித்தவர் கையில் இருக்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. அந்தப் பரோட்டா ராத்திரிக்கு அடுத்த வருஷம், 1992இல், இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. ஆச்சி வீட்டுக்கு அந்தத் தகவல் வரவில்லை.

பெரிய அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று பாயில் படுத்தபடி அரைக்கண்ணால் பார்த்தேன். ஆண்களும் பிள்ளைகளும் எழுந்த பிறகு பெண்கள் உட்கார்ந்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது பிய்ந்துபோன இரண்டு பரோட்டாவும் அடியில் கிடந்த சால்னாவும். நான் எடுத்த நாலாவது அவர் பங்கிலிருந்து போனதுதான். ஒன்பதும் அங்கிருந்துதான் போனது. ஒன்பதுக்குக் கைதட்டியவர் நாலுக்குக் கோபப்பட்டார். என் பசியைச் சின்னதாக்கி வைப்பது அவர் வேலை. நாளைக்கு இன்னொரு வீட்டில் நான் நாலாவதைக் கேட்டால், வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சு என் அம்மாவுக்கும் அவருக்கும்தான் வரும், மாமாக்களுக்கு வராது. அதனால்தான் மாமாக்கள் சிரித்துவிட்டு நல்லவர்களாகவே இருந்துகொண்டார்கள். இது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் அன்றைய வலி சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நான் அத்தை. போன சீசனில் தென்காசியில் எல்லோரும் கூடியபோது, தம்பி மகளிடம், "என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்ட, வீட்ல யாரும் சோறு போடலையா?" என்று கேட்டேன். பாசமாகத்தான் கேட்டேன். குண்டு என்று சொன்னால்தானே தப்பு என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு. அவள் கை இலைமேல் அப்படியே நின்றது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பிறகு மொட்டை மாடியில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அத்தை, நீங்க மட்டுமா சொன்னீங்க" என்றாள். மன்னித்தாளா, பழகிவிட்டதா, தெரியவில்லை.

அன்று ராத்திரியும் பார்டர் பார்சல்தான். ஒரு மாமா அவள் மார்க்கில் ஆரம்பித்து நிறத்துக்கு வந்தார். "அவ சாப்பிடட்டும் மாமா, விடுங்க" என்றேன். கூடம் அமைதியாகிவிட்டது. தம்பி மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. நான் இரண்டு நாளில் ஊருக்குப் போய்விடுவேன். நான் சொன்னதற்குப் பிறகு பேச்சு வாங்கப்போவது அவள். 1991இல் தலையைத் தூக்காமல் கோழி பிய்த்த அம்மாவை முப்பது வருஷம் கழித்து அங்கே பார்த்தேன்.

நான் குனிந்து என் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இலை பிரியும் சத்தம் கேட்டது. அவள் எத்தனை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை.