கடன்படாதவனின் குற்றம்

மனிதனை மனிதன் எதனைக்கொண்டு நம்புகின்றான்? கிராமத்துக் கடைக்காரர் கொப்பியொன்றிற் பெயரெழுதிச் சாமான் கொடுத்த காலத்தில் இவ்வினாவுக்கு விடை எளிதாக இருந்தது. வாங்குபவனின் தந்தையை அவருக்குத் தெரியும்; வீட்டைத் தெரியும்; சம்பள நாளைத் தெரியும். அறிமுகமே நம்பிக்கைக்கு ஆதாரமாயிற்று. ஒருவரையொருவர் ஒருபோதும் கண்டிராத கோடிக்கணக்கானோர் கொடுக்கல் வாங்கல் செய்யும் இன்றைய சமுதாயத்திலோ அதே வினா வேறொரு வடிவம் பெற்றுள்ளது. அவ்வடிவத்தை எமக்கு உணர்த்தியது அண்மையில் வந்த ஒரு கடிதம்.

எழுதியவர் எம்மிடம் முன்பு கற்ற மாணவர். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் பிறந்து, இந்நாட்டிலேயே பொறியியல் பயின்று, இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நல்ல ஊதியத்தில் வேலை பார்ப்பவர். வாடகை தவறியதில்லை, எவருக்கும் ஒரு சதமேனும் கொடுக்கவேண்டியதில்லை. விமானப் பயணச் சலுகைகளும் பிறவும் தரும் உயர்தரக் கடனட்டை ஒன்றிற்கு அவர் விண்ணப்பித்தார். வங்கி மறுத்துவிட்டது. காரணங் கூறாது மறுத்தல் அந்நாட்டுச் சட்டத்திற்கு ஒவ்வாதாகையால், காரணமும் கூறப்பட்டிருந்தது: அவருடைய கடன் வரலாறு போதியதன்று. "நான் எவரிடமும் கடன்படவில்லை என்பதுதான் என் குற்றமா, ஐயா?" என்று அவர் எம்மைக் கேட்டிருந்தார்.

படித்ததும் எமக்குச் சிரிப்பே வந்தது. உயர்தரக் கடனட்டை கிடையாமை மானிடத்தின் பெருந்துன்பங்களுள் ஒன்றன்று. நாட்சம்பள உயர்வுக்காக ஆண்டுக்கணக்கிற் போராடும் தோட்டத் தொழிலாளியின் முன்னிலையில் இதனை ஒரு முறையீடென்று சொல்லவும் நாம் கூசவேண்டும். ஆயினும், அட்டையை ஒதுக்கிவைத்து வினாவை மட்டும் நோக்குமிடத்து, அது ஒரு தனிமனிதரின் ஏமாற்றத்தோடு முடிவதன்று. நேர்மை என்பதை யார் அளக்கின்றார்கள், எந்தக் கோலால் அளக்கின்றார்கள் என்பதே அவ்வினா.

அந்தக் கோலை முதலில் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்காவில் பெரிதும் வழங்கும் 'பைக்கோ' கடன் புள்ளி, 1956 இல் பில் பெயர் என்ற பொறியியலாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் தொடங்கிய கொம்பனியின் படைப்பு. எல்லா வகைக் கடனுக்கும் பொதுவான புள்ளியாக அது 1989 இல் வெளிவந்தது. மிகக் குறைந்தது 300. மிகக் கூடியது 850. பட்ட கடனைத் தவணை தவறாது கட்டியமைக்கு 35 வீதமும், நிலுவைக் கடனின் அளவுக்கு 30 வீதமும், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 வீதமும், புதிய கடன்களுக்கும் கடன்களின் வகைகளுக்கும் பத்துப் பத்து வீதமும் அதிலே நிறை. ஊதியம் இக்கணக்கிற் சேராது, சேமிப்பும் சேராது. ஆறு மாதமேனும் பழமையான கடன் கணக்கொன்று இல்லாதவருக்குப் புள்ளியே கிடையாது. கடன்பட்டுத் திருப்பித் தராதவனுக்குத் தாழ்ந்த புள்ளியாவது உண்டு; கடனே படாதவன் அந்த ஏட்டிற் பிறக்கவேயில்லை.

இம்முறைமையின் தோற்றத்திலேயே ஒரு முரண் இருக்கின்றது. 1841 இல் நியூயோர்க் நகரில் லூயிஸ் தப்பன் என்ற வர்த்தகர் வியாபாரிகளின் நம்பகத்தன்மை பற்றித் தகவல் திரட்டி விற்கும் நிலையமொன்றை நிறுவினார். அவர் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் முன்னணியில் நின்றவர். மனிதனை விற்றலும் வாங்கலும் பாவம் எனப் போராடிய அதே மனிதர், மனிதனைப் பற்றிய மதிப்பீட்டை விற்கவும் வாங்கவும் வழிசெய்தார். ஊர்தோறும் இருந்த நிருபர்கள் ஒரு வியாபாரியின் சொத்தை மட்டுமன்றி, குடிப்பழக்கத்தையும் குணத்தையுங் கூட எழுதியனுப்பினர். தப்பனிடம் நாம் கயமை காணவில்லை. நல்லவர்களும் தம் காலத்துச் சந்தையின் தேவைக்கே கருவி செய்கின்றனர் என்பதற்கு அவர் சான்று.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்டல் வேண்டும். புள்ளி வருமுன் கடன் கொடுத்தவர் எதைப் பார்த்தார்? முகத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், பெண்ணாயின் கணவனின் கையொப்பத்தைக் கேட்டார். பால் காரணமாகவும் மணநிலை காரணமாகவும் கடன் மறுத்தலை அமெரிக்கச் சட்டம் தடுத்தது 1974 இலேதான். இனம், நிறம், சமயம் முதலியவை அச்சட்டத்திற் சேர்க்கப்பட்டது 1976 இல். எமது நாட்டிலும் சாதி பார்த்துக் கைமாற்றுக் கொடுத்த கதைகள் எமக்குத் தெரியாதனவல்ல. எண்ணுக்குக் கண் இல்லை. ஆகவே அது முகம் பார்ப்பதில்லை. முகம் பார்த்த முதலாளியினும் முகம் பாராத எண் மேலானது என்பார் கூற்றில் உண்மை இருக்கின்றது.

ஆனால் முழு உண்மை இல்லை. எண் முகத்தைப் பாராதாயினும் வரலாற்றைப் பார்க்கின்றது. அந்த வரலாறு எங்கிருந்து வருகின்றது? வசதியுள்ள பெற்றோர் தம் கடனட்டையிற் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுகின்றனர். பிள்ளை ஒரு சதமும் உழைக்குமுன்னரே பெற்றோரின் பல்லாண்டு வரலாறு அவன் பெயரிற் பதிவாகின்றது. காணியைப் போலவும் வீட்டைப் போலவும் நாணயமும் முதுசொம்மாக இறங்குகின்றது. இவ்வாறு ஏணி வைத்துக் கொடுக்க ஆளில்லாத ஏழையின் மகனும், எல்லை கடந்து வந்த அந்நியனும் வெற்றேட்டுடன் நிற்கின்றனர். பிறநாட்டு வரலாற்றைச் சில நிறுவனங்கள், சில நாடுகளைப் பொறுத்தமட்டில், ஏற்கத் தொடங்கியுள்ளன; பெரும்பாலும் கடல் கடந்தவனின் கடந்த காலம் கடலோடு போய்விடுகின்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயர்தர அட்டை தரும் சலுகைகள் ஆகாயத்திலிருந்து விழுவனவல்ல. ஒவ்வோர் அட்டைக் கொடுப்பனவின் பேரிலும் கடைக்காரர் கட்டணஞ் செலுத்துகின்றார். அக்கட்டணம் பொருளின் விலையில் ஏறுகின்றது. அவ்விலையைக் காசு கொடுத்து வாங்குபவனும் சேர்ந்தே கொடுக்கின்றான். பொஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர் 2010 இல் இதனைக் கணக்கிட்டனர். காசு கொடுத்து வாங்கும் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை அட்டைக்காரருக்கு ஈகின்றது. அட்டைக் குடும்பமொன்று 1,133 டொலர் பெறுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம்பத்தகாதவன் என்று வாயிலிலே நிறுத்தப்பட்டவன், உள்ளே நடக்கும் விருந்துக்குப் பணம் கட்டுகின்றான்!

அட்டையோடு மட்டும் இக்கதை முடியுமாயின் நாம் இத்துணை எழுதியிரோம். அதே ஏட்டை அந்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு விடுமுன் பார்க்கின்றார். பல மாநிலங்களில் மோட்டார்க் காப்புறுதிக் கட்டணமும் அதனால் ஏறியிறங்குகின்றது. வேலைக்கு ஆள் எடுக்குமுன் அதைக் கேட்போரும் உளர். கடன் கொடுப்பதற்கென எழுந்த அளவுகோல் மெல்ல மெல்ல மனிதனையே அளக்கும் கோலாகின்றது. இது தூரதேசத்துச் செய்தி மட்டுமன்று. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. வங்கியிற் கடன் கேட்டுச் செல்லும் எமது ஆசிரியர் எவரும் அதன் பெயரை அறிவர்.

கடன் ஏடு மனிதனின் நடமாட்டத்தை ஆண்ட வரலாறு எமது மண்ணிலும் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களில் நிலவிய 'துண்டு' முறையை எமது மாணவர்கள் மறத்தல் ஆகாது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி அழைத்துவந்த தொழிலாளியின் வழிச்செலவும் முற்பணமும் அவன் பேரிற் கடனாக எழுதப்பட்டன. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. அத்தாளின்றி அவன் வேறு தோட்டத்தில் வேலை தேடமுடியாது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்று கடன் இருந்தமையால் ஒருவன் வெளியேற முடியவில்லை. இன்று கடன் இல்லாமையால் ஒருவன் உள்ளே புக முடியவில்லை. இருவர் துன்பமும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது தோட்டத் தொழிலாளியின் கண்ணீரை இகழ்வதாகும். ஆயின் இரண்டிலும் மனிதனுக்கு முன்னே அவனுடைய கடன் ஏடு நடக்கின்றது. ஏட்டை எழுதுபவன் எப்பொழுதும் கடன் கொடுப்பவனே.

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். கடன் என்னுஞ் சொல் பட்ட கடனையுங் குறிக்கும், ஆற்றவேண்டிய கடமையையுங் குறிக்கும். 'கிரெடிற்' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்ததே. மனிதர் ஒருவரையொருவர் நம்பிய பின்னரே கொடுக்கல் வாங்கல் தோன்றிற்று என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன. இன்று அவ்வரிசை தலைகீழாயிற்று. முதலிற் கொடுக்கல் வாங்கலின் பதிவு. அதன் பின்னரே நம்பிக்கை.

இவ்விடத்து எம்மவர் பெருமையொன்றையும் சோதித்துக்கொள்ளுதல் தகும். 'நாங்கள் யாரிடமும் கடன்படாதவர்கள்' என மார்தட்டும் நடுத்தர வர்க்கத்து மனோபாவமும் குற்றமற்றதன்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவனுக்குக் கடன்படாமை எளிது. மழை பொய்த்த விவசாயியும் வலை கிழிந்த மீனவனும் கடன்படாது எவ்வாறு வாழ்வர்? போர் முடிந்த 2009 இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கொம்பனிகளின் தவணைக்காரர் வாசலில் நிற்கத் துயருற்ற பெண்கள் ஒழுக்கத்தில் எம்மினுந் தாழ்ந்தவர்களா? கடன்படாமை அறமுமன்று, கடன்படுதல் மறமுமன்று. இரண்டும் பெரும்பாலும் வாழ்நிலையின் விளைவுகள். அவற்றைக் கொண்டு குணத்தை அளப்பது, அளப்பவன் வங்கியாயினும் நாமாயினும், தவறே.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? வாடகை, மின்கட்டணம், சீட்டுப்பணம் ஆகியவற்றையும் ஏட்டிற் சேர்த்தால் ஏழைக்கும் வரலாறு உண்டாகும் என்று சிலர் கூறுகின்றனர். அதில் நன்மை உண்டு. ஆயின் நம்பப்படுவதற்காக வாழ்வின் ஒவ்வொரு மூலையையும் கொம்பனியின் கண்ணுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பதே அதன் விலை. எனவே ஏட்டை விரிப்பது மட்டும் தீர்வாகாது. எதை எழுதலாம், எதை எழுதலாகாது, யார் பார்க்கலாம், பிழையை எவ்வாறு திருத்துவது என்பனவற்றைக் கடன் கொடுப்பவனன்றி மக்களே தீர்மானித்தல் வேண்டும். கடன் கொடுப்பதற்கான கணக்கு கடனோடு நிற்கட்டும். குடியிருப்புக்கும் தொழிலுக்கும் அது சாட்சி சொல்ல வரலாகாது.

கடிதத்தின் இறுதிப் பகுதியே எம்மை மிகவும் வருத்திற்று. மறுப்பு வந்த பின் அவர் நண்பர்களின் அறிவுரைப்படி வேறோர் அட்டை எடுத்தாராம். வங்கியிலே தமது பணத்தை ஈடாக வைத்து, அதன் அளவுக்குக் கடன் பெறும் அட்டை அது. தமது பணத்தின் பேரிலே தாமே கடன்பட்டு, அரிசியும் பருப்பும் வாங்கி, மாதமுடிவில் முழுவதையும் கட்டி, வரலாறு வளர்க்கின்றார். வட்டியாக ஒரு சதமும் போகவில்லை. ஆனால் சோற்றுக்கு அரிசியைக் கடனில் வாங்குவதை ஊரிலுள்ள தாயாருக்கு அவர் இன்னும் சொல்லவில்லை.

அத்தாயாரை நாம் அறிவோம். பிள்ளையின் படிப்புக்காக அயலவரோடு சீட்டுப் பிடித்து, நெருக்கடி மிகுந்த காலத்திலும் ஒரு மாதமேனும் தவறாது கட்டியவர். அச்சீட்டுக்கு எழுத்துமில்லை, ஈடுமில்லை. அயலவர் அவரை நம்பினர். அவர் அயலவரை நம்பினார்.

நாம் மாணவருக்கு எழுதிய விடை இதுதான்: அட்டை பயன்படுமாயின் வைத்திரும், அதில் இழிவில்லை. வங்கி உம்மைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றது, அது உண்மை. நீர் எத்தகையவர் என்று அது கூறவில்லை. கூற அதனால் ஆகாது. தாயாருக்கு மறைக்காது எழுதும். கடன் வாங்கித்தான் அங்கு நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்றால் அவர் வியப்படைவார், உம்மை வையமாட்டார். அடுத்து அங்கு வரும் இளைஞன் வெற்றேட்டுடன் வாடகைக்கு வீடு தேடி அலையும்பொழுது, அவனுக்காகப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட நீர் முன்வாரும்.