அடிமட்டமும் ஆண்மையும்

கலியாணத்திற்குப் பதினொரு நாட்கள் இருக்கையில், இஷாவுக்குப் பின்னர் ஓர் இரவு, எனது பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். வயது இருபத்தாறு. மேசன் வேலை செய்பவன். லேஞ்சியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்து, "சேர், இது நல்லமா எண்டு பார்த்துச் சொல்லுங்க. மாமிக்குத் தெரிய வேணாம்" என்றான். சந்தையில் ஒலிபெருக்கி கட்டி மருந்து விற்ற ஒருவனிடம் எட்டாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பொடி அது. 'ஆண்மைக் குறைவுக்கு' என உறையில் அச்சிட்டிருந்தது. உனக்கு என்ன குறை என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி, "அளவு" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்விடயத்தை எமது சஞ்சிகைகள் எழுதுவதில்லை. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நானும் அறிவேன். ஆயினும் நாம் வெட்கப்பட்டு மூடிவைத்த இடத்தில்தான் அந்த மருந்து வியாபாரி கடை விரித்திருக்கின்றான்.

வைத்தியர்கள் இதனை அளந்திருக்கின்றார்கள். 2015ஆம் ஆண்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் வீல் என்பவரும் சகாக்களும், வெவ்வேறு நாடுகளில் மருத்துவத் துறையினர் எடுத்திருந்த அளவுகளைத் திரட்டி வெளியிட்டனர். மொத்தம் 15,521 ஆண்கள். விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்ரிமீற்றர். பத்துக்குக் குறைந்தவர் நூற்றுக்கு ஐவர், பதினாறைக் கடந்தவரும் நூற்றுக்கு ஐவர்தான். அத்தனை ஆயிரம் பேரில் அந்நிலையில் அளக்கப்பட்டவர் 692 பேர் மாத்திரமே என்பதையும் சொல்லவேண்டும். வைத்தியர் அடிமட்டத்தோடு நிற்கையில் உடல் சொற்கேட்பதில்லை போலும். அச்சத்தோடு வருவோருக்கு ஆறுதல் கூறுவதே இந்த ஆய்வின் நோக்கமாக இருந்தது. அதற்கு முன், 2002இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர வைத்தியர்கள், தமக்குக் குறை இருப்பதாக நம்பி வந்த 67 ஆண்களைப் பரிசோதித்தார்கள். ஒருவர்கூட இயல்பான எல்லைக்குக் கீழே இருக்கவில்லை.

இவற்றை அவனுக்குச் சொன்னேன். முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு, "அப்ப சராசரிக்குக் கீழ உள்ளவனுக்கு, சேர்?" என்று கேட்டான்.

கணக்குப் படிப்பித்த வாத்தியாருக்கு அதே கணக்கில் அடி. தவணைப் பரீட்சைக்குப் பின் சராசரி எடுத்துக் கரும்பலகையில் எழுதுவது எனது வழக்கம். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். எத்தனை திறமையான வகுப்பானாலும் நிற்பார்கள். அது எண்ணின் இயல்பு. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஒரு வாப்பா பிள்ளையை அடித்தால் அதற்குச் சராசரி என்ன செய்யும்? 'நூறு பேரில் நீ எங்கே நிற்கிறாய்' என்பதுதான் அடிமட்டத்திற்குத் தெரிந்த செய்தி. 'நீ ஆணா' என்று அதனிடம் கேட்பவர்கள் நாங்கள்.

அப்படிக் கேட்டவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். 1965இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டு மாதமளவில் ஒரு குழந்தைக்கு, மருத்துவக் காரணத்தின் பேரில், மின்கருவியால் சுன்னத்துச் செய்கையில் உறுப்பு முற்றாகக் கருகிப்போனது. பெற்றோர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இருந்த ஜோன் மணி என்ற உளவியலாளரிடம் போனார்கள். பெண்ணாக வளருங்கள், பெண்ணாகிவிடும் என்றார் அவர். 1967இல் சத்திரசிகிச்சை நடந்தது. பெயர் பிரெண்டா ஆயிற்று. இது பெரும் வெற்றி என்று நூல்களில் எழுதப்பட்டது. அந்தப் பிள்ளையோ சட்டையைக் கிழித்து எறிந்தது. பதினான்கு வயதில் தகப்பன் உண்மையைச் சொன்னதும் டேவிட் என்று பெயர் மாற்றி ஆணாக வாழத் தொடங்கியது. அதே காலப்பகுதியில், பிறந்த ஆண் குழந்தையின் உறுப்பு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் பெண்ணாக வளர்க்கலாம் என்ற வழக்கமும் சில வைத்தியசாலைகளில் இருந்தது. இரண்டரை சென்ரிமீற்றர்! எனது சோக்கட்டி அதைவிட நீளம்.

எமது ஃபிக்ஹ் நூல்களில் 'குன்ஸா' பற்றி ஒரு பாடம் உண்டு. ஆணா பெண்ணா எனத் தெளிவற்றுப் பிறந்தவரைப் பற்றியது. அங்கும் உடலின் அடையாளத்தைத்தான் தேடினார்கள். எல்லாம் அன்றே சொல்லிவிட்டோம் என்று மார்தட்ட நான் வரவில்லை. ஆனால் அடையாளம் கிடைக்காதபோது பருவமடையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஷாபி மத்ஹபில் வாரிசுச் சொத்தில் ஐயத்துக்குரிய பங்கைத் தெளிவு பிறக்கும்வரை நிறுத்திவைப்பர். ஐயத்தை ஐயமாகவே விட்டுவைப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். கத்தியோடு நின்றவர்களுக்கு அது இருக்கவில்லை.

"உடம்பு ஒண்டுமில்ல, மனசுதான் எல்லாம்" என்று அவனிடம் சொல்லிவிட எனக்கு ஆசை. மேடைகளில் அப்படித்தான் பேசுகின்றோம். டேவிட்டின் கதை விடவில்லை. அவருக்கு உடம்பு வேண்டியிருந்தது. பறிபோனதை ஓரளவாவது மீட்க மறுபடியும் மறுபடியும் சத்திரசிகிச்சைக்குப் போனார். ஆனால் ஆண் என்பவன் யார் என்று அவரிடம் கேட்டபோது, தகப்பனிடம் கற்றதைத்தான் சொன்னார்: மனைவியை நன்றாக நடத்துவது, குடும்பத்திற்கு ஒரு கூரை, பிள்ளைகளுக்கு நல்ல வாப்பாவாக இருப்பது. அவர் வளர்த்தது மனைவியின் பிள்ளைகள் மூவரை. 2004இல், முப்பத்தெட்டு வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

தமிழில் ஆண்மை என்பது ஆளுகின்ற தன்மை. வேளாண்மையிலும் தாளாண்மையிலும் இருப்பது அதுதான். வள்ளுவர் பேராண்மை என்றது பிறன் மனைவியை ஏறெடுத்தும் பாராமையை. அத்தகைய சொல்லைச் சந்தை வியாபாரி பொடி உறையில் அடைத்துவிட்டான் என்று கோபம் வருகின்றது. கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்பது வேறு விடயம்.

அவன் எட்டாம் ஆண்டில் இருந்தபோது அவனுடைய வாப்பா மௌத்தானார். ஜனாஸா எடுக்கும் நேரம் பந்தலுக்குள் விம்மி விம்மி அழுதான். நான் தோளைப் பிடித்து, "ஆம்புளப் புள்ள அழப்படாது" என்றேன். அவன் உடனே நிறுத்திவிட்டான். அன்றைக்கு அதை நல்ல பிள்ளைக்கு அடையாளமென்று எடுத்துக்கொண்டேன். அவன் கையில் முதல் அடிமட்டத்தைக் கொடுத்தவன் யார் என்று அந்த இரவில்தான் யோசித்தேன். அவனுக்கு அது ஞாபகம் இருக்குமோ தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எழும்பிப் போகையில் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் மனைவி என்ன பொடி இது என்று விசாரித்தாள். பசளை என்றேன். கொல்லையில் முருங்கையின் அடியில் கொட்டினாள். முருங்கை வழமைபோல்தான் காய்த்தது.