பிண்டி நிழல்



முக்குடையின் கீழ் வீற்றிருக்கும் அருகப் பெருமானின் சிலைகள் சிலவற்றில், குடைக்கு மேலே சுருள் சுருளாய்ப் படர்ந்த தளிர்களைக் கண்டிருப்பீர்கள். அது பிண்டி மரம். இறைவனின் எண்பெருஞ் சிறப்புகளில் முதலில் வைத்து எண்ணப்படுவது. பிறர் நம் முன்னோரைப் ‘பிண்டியர்’ என்றே அழைத்த காலமும் உண்டு. இன்றோ அச்சொல்லை அறிந்த பிள்ளைகள் நம் இல்லங்களிலேயே அரியர்.

பிண்டி, செயலை, அசோகு மூன்றும் ஒரே மரத்தின் பெயர்கள். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் பிண்டியும் இடம்பெறுகிறது. வடமொழியில் ‘பிண்டீபுஷ்பம்’ என்பதும் அசோகின் பெயரே. பிண்டம் என்றால் திரண்ட உருண்டை. கொத்துக் கொத்தாய்த் திரண்டு பூக்கும் மரத்திற்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. சைனராகிய மண்டல புருடர் தம் சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளுள் ஒன்றை முழுமையாக மரப்பெயர்களுக்கே ஒதுக்கினார். ஓரறிவுயிரையும் பெயர் சொல்லி அறிவது நம் மரபு.

கணியம்பாடியை அடுத்த பள்ளியொன்றில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். 1984-ஆம் ஆண்டு ஒருநாள், கரும்பலகையில் ‘பிண்டி’ என்று எழுதிப் பொருள் கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி எழுந்து, “மாவு, டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. உண்மையில் அவள் சொன்னது பிழையன்று. தெலுங்கில் மட்டுமன்றித் தமிழிலும் அச்சொல்லுக்கு மாவு என்ற பொருள் உண்டு. நான் சன்னல் வழியே பள்ளி வாயிலில் ஓங்கி நின்ற மரத்தைக் காட்டி, “அதுதான் பிண்டி. அசோகம் என்றால் சோகம் இல்லாதது” என்றேன்.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த அவளுடைய தந்தை இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் உட்காராமல் நின்றபடியே, “அப்படியானால் அதன் கீழே உட்கார்ந்தால் அழுகை வராதா, டீச்சர்?” என்று கேட்டாள். “உட்காரம்மா, பாடத்தைக் கவனி” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த சொல்லுக்குப் போனேன். அன்று இடைவேளையில் அவள் அந்த மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். கண்டும் அருகில் செல்லவில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒரு மூலிகைத் தோட்டத்தில் உண்மையான அசோகைக் கண்டேன். நான் காட்டிய மரம் நெட்டிலிங்கம்! தெருவோரங்களில் ஊசிபோல் உயர்ந்து நிற்பதை நாம் அசோகம் என்கிறோம். தாவரவியலார் ‘சராகா அசோகா’ என்று குறிக்கும் மெய்யான பிண்டி படர்ந்த நிழல் தருவது. அதன் இளந்தளிர்கள் செம்பு நிறமாய்த் தொங்கும். முதிர்ந்த கிளைகளிலும் பூங்கொத்துகள் வெடித்து, முதலில் மஞ்சளும் செம்மஞ்சளுமாய் இருந்து, பின் சிவக்கும். அப்பூவிற்கு அல்லி இதழே கிடையாது. இதழ் என்று நாம் மயங்குவது நிறமேறிய புல்லி. மருந்துக்காகப் பட்டை உரிக்கப்பட்டு, இன்று காடுகளில் அது அருகி வருகிறது. பல்லாண்டுகள் தவறான மரத்தைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும் அதனினும் பெரிய பிழை, அச்சிறுமிக்கு விடை சொல்லாமல் விட்டது.

சிலப்பதிகாரத்தில் புகாரை விட்டுப் புறப்படும் கோவலனும் கண்ணகியும், பிண்டி நிழலில் சாரணர் வந்து அறம் உரைப்பதற்கென உலக நோன்பிகள் இட்ட கற்பீடத்தை வலம் வந்து தொழுகின்றனர். சோகம் அற்ற மரத்தை வணங்கிய அவர்களுக்கு மதுரையில் நேர்ந்ததை நாம் அறிவோம். வழியில் தோன்றிய சாரணரும், வினை தன் பயனைத் தராமல் விலகாது என்றே கவுந்தியடிகளுக்கு உணர்த்தினார். ஆகவே பிண்டி, துயரைத் தடுக்கும் தாயத்து அன்று.

பின் அப்பெயர் ஏன்? விருஷப தேவர் கேவல ஞானம் அடைந்தது ஆலமரத்தடியில். மகாவீரர் அடைந்தது சால மரத்தடியில். எம்மரத்தடியில் தீர்த்தங்கரருக்கு அந்த ஞானம் உதித்ததோ, அம்மரமே அசோகம் என்கிறது யதிவிருஷபரின் திலோயபண்ணத்தி. சிந்தித்துப் பாருங்கள். மரம் இறைவனின் துயரை நீக்கவில்லை. துயர் நீங்கியவர் அமர்ந்ததால் ஆலும் அசோகமாயிற்று.

அன்று அச்சிறுமியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: “மரம் அழுகையை நிறுத்தாது, கண்ணே. வா, நான் உன் அருகில் உட்காருகிறேன்.” நாம் கேவலிகள் அல்லர், நம் துயரே இன்னும் நீங்கவில்லை. எனினும் பிறர் துயரில் சிறிது நேரம் நிழலாய் இருக்க நம்மால் இயலும். இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் சென்று, வினைப்பயன் என்று உபதேசம் செய்து எழுந்து வராதீர்கள். முதலில் அருகில் அமருங்கள். அறவுரைக்குக் காலம் வரும்.

பிள்ளைகளுக்குப் பிண்டி என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். இடம் இருப்பின் மெய்யான பிண்டிக் கன்று ஒன்றை நடுங்கள்; அதன் பட்டையில் கத்தி படாமல் காத்திடுங்கள். நெட்டிலிங்கத்தை நெட்டிலிங்கம் என்றே அழையுங்கள். உள்ளதை உள்ளபடி அறிவதே நன்ஞானம். அதன் நிழலிலும் யாரேனும் தனியே அழுதுகொண்டிருந்தால், கண்டும் காணாமல் கடந்து செல்லாதீர்கள்.

அறம் வளர்க!