கண்ணாடியில் தெரிபவர் யார்?

கடவுள் உண்டு என்று சொல்லும் மனிதனிடம் "நீ யார்?" என்று கேட்டால் ஊரைச் சொல்வான், தகப்பன் பேரைச் சொல்வான், சாதியைச் சொல்வான். இவையெல்லாம் பிறர் இட்ட அடையாளங்கள். தன்னை அறியாதவன் தன்னைப் படைத்தவனை எப்படி அறிவான்?

சாமிதோப்புப் பதியின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதன் முன்னே விளக்கு எரிகிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு வணங்க நிற்பவன் அதில் தன்னையே காண்கிறான்.

கொல்லம் 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளினார். அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தலைப்பாகை கட்டும் உரிமை இல்லை. பெண்களுக்குத் தோள்சீலை உரிமை இல்லை. அந்த மக்களைத்தான் அய்யா தலைப்பாகையோடு வணங்கச் சொன்னார். நேற்றுவரை குனிந்தே நடந்தவன், கண்ணாடியில் முடிசூடிய தலையைக் கண்டான். தனக்குள் இறைவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையே அவனுக்குத் தான் யார் என்பதைக் காட்டியது.

"அப்படியானால் நானே கடவுள்; இனி யாரை வணங்க வேண்டும்?" என்று ஒருவன் கேட்கலாம். அங்கேதான் கலி ஒளிந்திருக்கிறது. தன்னைக் காட்டிய அதே கண்ணாடி, அடுத்து நிற்பவனையும் அதே ஒளியில் காட்டுகிறது. தன்னிடம் கண்ட இறைவனை அவனிடம் காணாதவன் கண்டது இறைவனை அல்ல, தன் அகந்தையை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடியது இதை உணர்த்தவே.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள தாமல் ஏரியில் காற்று அடித்தால், கரையில் நிற்பவன் முகம் நீரில் சிதறித் தெரியும். குறை முகத்தில் இல்லை, அலையில் இருக்கிறது. ஆசையும் கோபமும் அடங்கினால்தான் மனத்தில் உண்மை உருவம் தெரியும்.

அதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரைக் குடவோலையில் இடலாகாது என்பது அதில் ஒரு விதி. ஊர்ப் பொறுப்புக்கே கணக்கு வேண்டுமென்றால், இறைவன் குடியிருக்கும் இந்த உடலுக்குக் கணக்கு வேண்டாமா?

இன்று யாரைத் தாழ்வாகப் பார்த்தோம்? தாழ்ந்து கிடந்த யாரைக் கைதூக்கி விட்டோம்? பணிவிடை முடிந்து கண்ணாடி முன் நிற்கும்போது ஒவ்வொருவரும் இதைத் தம்மிடமே கேட்க வேண்டும். கூசாமல் விடை சொல்ல முடிந்த நாளில், கண்ணாடியில் தெரிபவர் யாரென்று தானே விளங்கும்.

அய்யா உண்டு!