பிறர் ரத்தத்தில் ஒரு புண்ணியம்

சூரத்தில் வணிகர்கள் நடத்திவந்த விலங்கு மருத்துவமனையைப் பற்றி அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கிழட்டு மாட்டுக்கும் நொண்டிக் குதிரைக்கும் மட்டுமல்ல, மூட்டைப்பூச்சிக்கும் அங்கே இடம் இருந்ததாம். அவற்றின் பசி ஆற ஓர் ஏழைக்குக் கூலி கொடுத்து, இரவு முழுக்க அவற்றின் நடுவில் கட்டிலில் படுக்கவைப்பார்களாம். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. இத்தனை சின்ன உயிரும் சாகக்கூடாது என்று நினைப்பதற்குப் பெரிய மனம் வேண்டும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: புண்ணியம் பணம் கொடுத்தவருக்கு, கடி படுத்தவனுக்கு. கொல்லாமையின் செலவை யார் உடம்பில் எழுதுவது என்ற கேள்வி அந்தக் கட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கட்டில் கத்திவாக்கத்திலும் கிடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய இந்தத் தொழிற்பகுதியில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் படுக்கும் பாயில், பகல் ஷிப்டுக்குப் போனவரின் சூடு இன்னும் ஆறியிருக்காது. மூட்டைப்பூச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? அது அழுக்கைத் தேடி வருவதில்லை. நம் உடம்புச் சூட்டையும் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் மோப்பம் பிடித்து வருகிறது. 2023இல் பாரிஸ் நகரமே இதற்குப் பதறியது. ஆக, வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பது குடும்பத்தின் மானப்பிரச்சினை அல்ல. மானம் என்று நினைத்து மூடி மறைப்பதால்தான் அது அடுத்த அறைக்கும் ஊருக்குப் போகும் பைக்கும் பரவுகிறது.

வள்ளலாரை முன்வைத்து ஒரு மறுப்பு வரலாம். ஏழுகிணற்றில் குடியிருந்தவர், பக்கத்துத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்து வணங்கியவர், உயிர்களின் பசியை நீக்குவதையே ஜீவகாருண்யத்தின் உயிராகச் சொன்னவர். பூச்சிக்கும் பசிதானே? பசிதான். அதன் மேல் வெறுப்பு கொள்ள நமக்கு நியாயமே இல்லை. ஆனால் 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் இலையில் விழுந்தது, மனமுவந்து கொடுத்தவர்களின் அரிசி. பக்கத்தில் தூங்கும் குழந்தையின் ரத்தத்தைத் தானம் செய்ய எனக்கு உரிமை இல்லை. என் ரத்தத்தை மட்டும் கொடுக்கிறேன் என்றால், அந்தப் பூச்சி என்னோடு நிற்பதில்லை. பெண் பூச்சி தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெண்மையாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும் அந்த முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரியும். குஞ்சு ஐந்து முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் ரத்தம் குடித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்துதான் என் வாதம் எழுகிறது. முதல் வாரத்தில் கண்ணில் படும் ஒன்றை ஒழிப்பதற்கும், ஆறு மாதம் கழித்து ஆயிரத்தை மருந்தடித்துக் கொல்வதற்கும் கொல்லாமை நோக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே, உற்றுப் பார்ப்பதே இங்கே அகிம்சை. மெத்தையின் தையல் ஓரம், நாடாக் கட்டிலின் முடிச்சு, கட்டில் கால் சட்டத்தில் சேரும் இடுக்கு, சுவரில் தொங்கும் காலண்டரின் பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். பேனா முனையால் தொட்டு வைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாக இழுபடும், அது செரித்த ரத்தம். உரித்துப்போட்ட தோல், தலையணை உறையில் சின்ன ரத்தக்கறை, நசுக்கினால் கிளம்பும் நாற்றம் ஆகியவையும் அடையாளங்கள். கடித்த தடிப்பை மட்டும் நம்பக்கூடாது. சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. லாட்ஜில் நுழைந்ததும் பையைக் கட்டிலில் போடாமல், தலைமாட்டு விரிப்பைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். திரும்பி வந்ததும் துணியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட வேண்டும். வெறுமனே வெயிலில் விரித்தால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும்.

‘மூன்று ஷிப்டு உழைத்து வந்து விழுகிறவனுக்குப் பார்க்க நேரம் ஏது?’ என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தக் கடமை முதலில் படுப்பவரைச் சேராது, வாடகை வாங்குபவரையும் ஆளை வைத்து வேலை வாங்குபவரையும் சேரும். விரிசலைச் சிமெண்டு பூசி அடைப்பதும், தகுந்த ஆளைக் கொண்டு அறை முழுவதையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்வதும் அவர்கள் செய்ய வேண்டியவை. அதைச் செய்யாமல், வயலுக்கு அடிக்கும் விஷத்தை மூடிய அறைக்குள் தெளிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. மூட்டைப்பூச்சி நமக்கு நோய் பரப்புவதாக நிரூபணமாகவில்லை. அந்த விஷம் ஆளையே கொல்லும்.

பூச்சி பிடித்த கட்டிலை இரவோடு இரவாகத் தெருமுனையில் வைத்துவிடுவதும் சூரத்துக் கதைதான், கூலிகூடக் கொடுக்காத சூரத்து. விடிந்ததும் யாரோ ஒருவர், நல்ல கட்டில் கிடைத்தது என்று தலையில் தூக்கிக்கொண்டு போவார். காயலான் கடைக்காரரிடம் “இதுல மூட்டைப்பூச்சி இருக்குண்ணே” என்று சொல்லிக் கொடுத்தால் விலை பாதியாகக் குறையும்; எடுக்காமலும் போவார். அந்த நஷ்டம் கட்டிலுக்குச் சொந்தக்காரருடையது.